பழைய ராணுவ ஜீப் வாங்குவதும் சீரமைப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் கிடைக்கும் பழைய ஜீப், ஜோங்கா, ஜிப்ஸி வண்டிகளை வாங்கிச் சீரமைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெட்ரோல் ஜீப்பைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். போடிமெட்டு ஏலத்தோட்டம் முதல் வால்பாறை எஸ்டேட் வரை ஷெட்டுகளில் மிஞ்சிக் கிடப்பதும், ஆசைப்பட்டு வாங்கி அரைகுறையாக நிற்பதும் அதுதான்.

முதல் வண்டியாக எதை வாங்கலாம்?

வாரம் ஒருமுறையாவது ஓட்ட வேண்டும், பாகத்துக்கு அலையக் கூடாது என்றால் மாருதி ஜிப்ஸி. 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-இல் 1298 சிசி எஞ்சினோடு 'ஜிப்ஸி கிங்' வந்தது. ராணுவமும் போலீசும் பெருமளவில் வாங்கிய வண்டி என்பதால் பாகம் எங்கும் கிடைக்கும். துரு ஒன்றுதான் அதன் எதிரி.

கையில் கிரீஸ் பட வேலை கற்றுக்கொள்ள ஆசை என்றால் மஹிந்திரா சிஜே-3பி. நம் ஊரில் 'ஹை பானட்' என்று சொல்லும் பெட்ரோல் ஜீப். நான்கு சிலிண்டர், 2.2 லிட்டர். எந்த ஊர் லேத்திலும் வேலை செய்துகொள்ளலாம்.

ஜோங்கா வேறு ரகம். நிசான் பேட்ரோல் 60 வரிசை வண்டியை ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் 1969 முதல் 1999 வரை செய்தார்கள். 3956 சிசி ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இழுவை அருமை. லிட்டருக்கு 4, 5 கிலோமீட்டர்தான் ஓடும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பாகங்களைத் தேடிப் பிடிக்கப் பொறுமையும் வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பை முதல் வண்டியாக வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அசல் வண்டியில் கற்றுக்குட்டி வேலை செய்தால் கெடுவது திரும்பி வராது.

உண்மையான போர்க்கால ஜீப் என்பதை எப்படி அறிவது?

1941 முதல் 1945 வரை ஒரே வண்டியை இரண்டு கம்பெனிகள் செய்தன. வில்லிஸ் செய்தது எம்பி, ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. பானட்டையும் கிரில்லையும் யாரும் மாற்றிவிடலாம், ஆகவே சேசிஸைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சட்டங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த பெட்டி போல இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு தன் போல்ட் தலைகளிலும் பாகங்களிலும் 'எஃப்' எழுத்தைப் பொறித்திருக்கும். வில்லிஸின் சேசிஸ் எண் இடப்பக்கச் சட்டத்தின் முன்முனை உட்புறம் ரிவெட் அடித்த சின்னத் தகட்டில் இருக்கும். ஃபோர்டில் அதே இடப்பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில் நேரடியாகக் குத்தியிருக்கும்.

போர் ஜீப்பின் கிரில்லில் பெரும்பாலும் ஒன்பது திறப்புகள் இருக்கும். முகப்பு விளக்குகள் உள்வாங்கியிருக்கும், பெட்ரோல் டாங்க் டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும், பின்கதவு கிடையாது. போருக்குப் பின் வந்த சிஜே-2ஏ-யில் ஏழு திறப்புகள், பெரிய விளக்குகள், இறக்கிவிடும் பின்கதவு. இன்னொன்று: போர் ஜீப்புகள் எல்லாம் இடப்பக்க ஸ்டியரிங். வலப்பக்க ஸ்டியரிங்கோடு 'அசல் 1942' என்று காட்டினால், அது பிற்பாடு மாற்றியது அல்லது வேறு வண்டி.

லோ பானட், ஹை பானட் வேறுபாடு எஞ்சினால் வந்தது. போர் ஜீப்பின் பழைய எல்-ஹெட் எஞ்சினில் வால்வுகள் எல்லாம் பிளாக்கின் பக்கவாட்டில். சிஜே-3பி-யின் எஃப்-ஹெட்டில் இன்டேக் வால்வு மேலே ஹெட்டுக்குப் போய்விட்டது. எஞ்சின் உயர்ந்ததால் பானட்டும் உயர்ந்தது.

ஆர்சி புக்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

பணம் பேசுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இதுதான். தேய்ந்த கியரை மாற்றலாம், இற்ற தகட்டை வெட்டிப் போடலாம். ஒத்துவராத ஆர்சி புக்கை எந்த மெக்கானிக்கும் சரிசெய்ய முடியாது.

சேசிஸ் எண் இருக்கும் இடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஒரு தாளை வைத்துப் பென்சிலால் உரசுங்கள். ஆர்டிஓ அலுவலகத்துக்குப் பிரதி எடுப்பது போலத்தான். எண் தாளில் வரும். கூடவே கண்ணுக்குத் தெரியாததும் வரும்: எண்ணைச் சுற்றி நீள்சதுரமாக வெல்டிங் தடம் இருந்தால் வேறு வண்டியின் துண்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எழுத்துகள் வரிசை பிசகி, ஆழம் மாறி மாறி இருந்தால் கையால் குத்தியது. கிரைண்டர் கீறலுக்கு மேல் எண் நின்றால் பழையதை அழித்துவிட்டுக் குத்தியது. இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எஞ்சின் எண்ணை, பெட்ரோல் சிஜே ஜீப்பில், வாட்டர் பம்ப் பக்கம் பிளாக்கின் முன்முகப்பில் தேடுங்கள்.

அடுத்து, ஆர்சி உயிரோடு இருக்கிறதா என்று மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள். 15 ஆண்டு முடிந்த சொந்த உபயோக வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டு முதல் 20 ஆண்டு கடந்த நான்கு சக்கர வண்டிக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணமும் வரும். பெயர் மாற்ற படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் படிவம் 28-இல் என்ஓசி (தடையில்லாச் சான்று), பிறகு இங்கே மறுபதிவும் வரியும். கடன் பதிவு நிலுவையில் இருந்தால் படிவம் 35. விற்பவர் பெயரில் ஆர்சி இல்லாமல், இடையில் இரண்டு கை மாறி, கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்கள் மட்டும் வந்தால், பதிவுபெற்ற உரிமையாளரை நேரில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

ராணுவ ஏலத்தில் நேரடியாக வாங்கலாமா?

வாங்கலாம். கழித்த வண்டிகள் ஏலத்துக்கு வருகின்றன, மத்திய அரசின் ஏல நிறுவனமான எம்எஸ்டிசி வழியாகவும் வரும். ராணுவ வண்டிக்கு ஆர்சி புக் கிடையாது. நீங்கள்தான் முதன்முறையாகப் பதிவு செய்ய வேண்டும், அதற்கு ராணுவ அதிகாரிகள் தரும் படிவம் 21 விற்பனைச் சான்று அவசியம். ஏலப் பட்டியலில் வண்டி எனப் போட்டிருக்கிறதா, ஸ்கிராப் எனப் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கிராப் என்று விற்றதைப் பதிவு செய்யப் போனால் அலைச்சல்தான் மிஞ்சும். அதைப் பாகத்துக்காக மட்டும் வாங்குங்கள். மேல்நோக்கிய அம்புக்குறியோடு இருக்கும் ராணுவ எண்பலகையைக் கழற்றிவிட வேண்டும்.

ராணுவப் பச்சை அடிக்கலாமா?

கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. பெயிண்ட் அடித்து முடித்து எஃப்சி-க்குப் போகும்போது இது தெரியவந்தால் மொத்தச் செலவும் வீண். மணல் நிறம், சாம்பல், அடர் நீலம், மஹிந்திரா அன்று கொடுத்த சிவப்பு, எதையும் அடிக்கலாம். நிறம் மாறினால் ஆர்சி-யிலும் மாற்றிக்கொள்ளுங்கள்.

'விஏ' எண் எல்லாப் பழைய ஜீப்புக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. 'விஏ' வரிசை எண் தரும், 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்கும் வண்டிகளுக்கானது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். இதில் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கும் வாடகைக்கும் ஓட்டக் கூடாது. ஆகவே வாரச் சந்தைக்குப் போக ஜீப் வேண்டும் என்பவர்கள் சாதாரண ஆர்சி-யைப் புதுப்பித்து வைத்துக்கொள்வதே நல்லது.

வண்டியைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும், எங்கே தட்டிப் பார்க்க வேண்டும்?

டார்ச், சின்னச் சுத்தியல், காந்தம், பழைய ஸ்க்ரூ டிரைவர், படுக்க ஒரு சாக்கு. இவ்வளவு போதும்.

வண்டிக்கு அடியில் படுத்து, சேசிஸை முன்னிருந்து பின்னாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டித் தகடு கணீரென்று ஒலிக்கும். உள்ளே இற்றிருந்தால் மொத்தையாகச் சத்தம் வரும், துரு உதிரும். முன் பம்பருக்குப் பின்னால் சட்டத்தின் முனைகள், ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டிய இடம், பட்டை ஸ்பிரிங்கின் தொங்கல்கள், கடைசிக் குறுக்குச் சட்டம், இந்த நான்கு இடங்களில்தான் விரிசல் வரும். விரிசலின் மேல் தடித்த வெல்டிங் குவியல் இருந்தால், பக்கத்திலேயே அடுத்த விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இறுகிப்போன இடத்தை ஒட்டித்தான் உலோகம் அடுத்து பிளக்கும்.

பாடியில் எல்லோரும் பக்கத் தகட்டைப் பார்ப்பார்கள். நீங்கள் தரையின் அடியைப் பாருங்கள். பழைய ஜீப்பின் தரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் தொப்பி வடிவச் சட்டங்களுக்குள் மரச்சட்டம் வைத்திருப்பார்கள். அந்த மரம் மழைநீரைக் குடித்து வைத்துக்கொண்டு, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும், அடியில் ஸ்க்ரூ டிரைவர் நுழையும். சட்டம் போயிருந்தால் தரை முழுவதையும் எடுக்க வேண்டும் என்று கணக்கிட்டு விலை பேசுங்கள். காந்தம் ஒட்டாத இடம் பட்டி பூசிய இடம்.

எஞ்சினைப் பிரிக்காமல் அதன் நிலையை எப்படி அறிவது?

நீங்கள் போவதற்கு முன்னால் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் உண்மை பேசும். ரேடியேட்டர் மூடியைத் திறந்து எண்ணெய்ப் படலம் பாருங்கள். டிப்ஸ்டிக்கில் பால் கலந்த காபி நிறம் இருந்தால் தண்ணீர் கலக்கிறது.

நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) எடுங்கள். எல்-ஹெட்டில் 110 பிஎஸ்ஐ அளவு வர வேண்டும், எஃப்-ஹெட்டில் 120-க்கு மேல். எண்ணைவிட, நான்குக்கும் இடையே 10 பிஎஸ்ஐ-க்கு மேல் வித்தியாசம் இல்லாததே முக்கியம். குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங் தேய்ந்தது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட். சூடான எஞ்சினில் ஓடும் வேகத்தில் ஆயில் பிரஷர் 35 பிஎஸ்ஐ அருகே நிற்க வேண்டும்.

ஹெட் கழற்றும்போது எங்கே தவறு நடக்கிறது?

எஃப்-ஹெட்டில் ஒரு ஹெட் போல்ட் கண்ணுக்குத் தெரியாது. கார்பரேட்டரைக் கழற்றினால் அதன் அடியில், காற்றுப் பாதைக்குள், கீழே இருக்கும். எல்லா போல்டையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்துக் கடப்பாரை போட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. பூட்டும்போதும் அந்த ஒன்றை மறந்தால் கேஸ்கட் சில நாளில் போய்விடும். நடுவில் தொடங்கி வெளிநோக்கி, மூன்று சுற்றாக, கடைசியில் 60 முதல் 70 பவுண்டு-அடி, அதாவது 8.3 முதல் 9.7 கிலோகிராம்-மீட்டர் வரை இறுக்குங்கள்.

மற்ற அளவுகள்: தீப்பொறி வரிசை 1-3-4-2. பிளக் இடைவெளி 0.75 மி.மீ., பாயிண்ட் 0.5 மி.மீ. எஃப்-ஹெட் வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் இன்டேக் 0.46, எக்ஸாஸ்ட் 0.41 மி.மீ. சத்தம் குறையட்டும் என்று எக்ஸாஸ்ட் வால்வை இறுக்கி வைக்காதீர்கள். அது உட்கார நேரமின்றி எரிந்துபோகும். லேசான டிக் டிக் சத்தம் இந்த எஞ்சினின் இயல்பு.

மலையேறும்போது மட்டும் கொதிக்கிறது என்றால் ரேடியேட்டரைக் குற்றம் சொல்வதற்கு முன், பிளாக்கின் பக்கவாட்டு மூடித் தட்டுகளை எடுத்துப் பாருங்கள். பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றி, பல ஆண்டுத் துருச் சேறு களிமண்ணாக அடைந்திருக்கும். கம்பியால் குத்தி, தண்ணீரை எதிர்த்திசையில் பீய்ச்சி, தெளிந்த நீர் வரும்வரை விடாதீர்கள்.

பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் போடலாமா?

பல பெட்ரோல் ஜீப்புகள் ஏற்கெனவே அப்படி மாறிவிட்டன. வண்டிக்கும் சட்டத்துக்கும் அது நல்லதல்ல. உற்பத்தியாளர் கொடுத்த அடிப்படை வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ஐ வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஆர்சி-யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றால் எஃப்சி நிற்கும், விபத்தில் இன்சூரன்சும் நிற்கும். டீசல்தான் வேண்டுமென்றால் டீசலாகவே பிறந்த மஹிந்திரா எம்எம்540-ஐத் தேடுங்கள். அதில் பியூஜோ வடிவமைத்த 2112 சிசி எஞ்சின்.

கியர் நழுவுகிறது, டிரான்ஸ்பர் கேஸ் ஒழுகுகிறது. என்ன செய்வது?

டி-90 மூன்று கியர் பெட்டி இரண்டாவதிலிருந்து தானே வெளியே வந்தால் சின்க்ரோவும் (கியர்களின் வேகத்தை ஒத்துப்போக வைக்கும் பித்தளை வளையம்) அச்சின் முன்பின் ஆட்டமும் காரணம். ஸ்பிரிங் மாற்றிப் பயனில்லை, பிரித்தே ஆக வேண்டும். முதல் கியரில் சின்க்ரோ கிடையாது. வண்டி நின்ற பிறகே முதல் கியர் போடுங்கள்.

கியர் பெட்டியும், இழுவையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் ஸ்பைசர் 18 டிரான்ஸ்பர் கேசும் ஒட்டிப் பிறந்தவை. நடுவிலுள்ள சீல் தேய்ந்தால் ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குப் போகும். ஒன்று காய்ந்து, மற்றொன்று வழியும். ஒழுக்கைப் பார்த்துவிட்டு வெளி சீலை மட்டும் மாற்றுவது வீண். இரண்டின் மட்டத்தையும் சேர்த்தே பாருங்கள். எண்ணெய் 80டபிள்யூ-90 ஜிஎல்-4. ஜிஎல்-5 சின்க்ரோவின் பித்தளையை அரிக்கும், விலை அதிகம் என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம்.

தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டாதீர்கள். திரும்பும்போது முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓடும். நடுவில் அதை விட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லாததால் அச்சுகள் முறுக்கிக்கொண்டு, நெம்புகோல் வெளியே வர மறுக்கும். மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் வழுக்கி முறுக்கைத் தளர்த்திவிடும்.

வேகம் போனதும் ஸ்டியரிங் பேயாட்டம் ஆடுகிறதே?

மெக்கானிக் பெரும்பாலும் முதலில் ஸ்டியரிங் பாக்ஸை இறுக்குவார். அது மருந்தல்ல. இருபுற முன்சக்கரத்தையும் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சாணி. கிங் பின் பேரிங்கின் இறுக்கம் ஷிம் தகடுகளால் அமைவது. தகட்டை எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும்.

அடுத்து, முன் குறுக்குச் சட்டத்தின் நடுவே நிற்கும் பெல் கிராங்க். இரண்டு டை ராடும் அதில்தான் சேருகின்றன. அதன் அச்சில் சிறிய தேய்மானம் சக்கரத்தில் பெரிய ஆட்டமாகும். பிறகு ஸ்பிரிங் புஷ், ஷாக்கிள், டயர் காற்று. அத்தனையும் முடிந்த பிறகே ஸ்டியரிங் பாக்ஸ்.

சக்கரம் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: பல பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் எதிர்த்திருகு. நட்டு மாட்டும் ஆணியின் முனையில் 'எல்' எழுத்து இருக்கும். பழக்கத்தில் திருப்பி, வரவில்லையென்று குழாய் மாட்டி அழுத்தினால் ஆணி முறியும்.

பிரேக்கை நம்பலாமா?

முழுதாகச் செய்தால் நம்பலாம். நான்கும் ஒன்பது அங்குல டிரம். மாஸ்டர் சிலிண்டர் ஒன்றுதான், ஒரே சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கும் போகும். ஆகவே ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், இற்ற இரும்புக் குழாய் அனைத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்பர் கேசுக்குப் பின்னால் ஒரு தனி டிரம்மில் இருக்கிறது. ஓடும்போது இழுத்தால் மொத்த அதிர்ச்சியும் பின் அச்சுக்குப் போகும். பழைய பிரேக் லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

எஞ்சின் ஓடும், ரப்பர்தான் தாங்காது. பெட்ரோல் பம்ப் டயஃபிரம், ஹோஸ், கார்பரேட்டர் வாஷர் எல்லாம் உப்பி இளகும். எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள். டாங்கில் ஒட்டிய பழைய துருவையும் பிசினையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் முதல் இரண்டு மாதம் ஃபில்டரை அடிக்கடி பாருங்கள். வண்டியை நிறுத்தி வைப்பதென்றால் கார்பரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள். டாங்கில் ஓட்டை இருந்தால், காலியாக இருக்கிறதே என்று வெல்டிங் வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். காலி டாங்கின் ஆவிதான் வெடிக்கும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் ஓட வையுங்கள், பிறகு பிரேக்கில் நிற்க வையுங்கள், அதன் பிறகே பிரியுங்கள். பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாகி நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடினால்தான் கியர் பெட்டியும் அச்சும் தங்கள் குறையைச் சொல்லும். வாங்கிய வாரமே எல்லாவற்றையும் கழற்றிப்போட்ட வண்டிகள்தான் கோணிப்பையில் பாகங்களாக விற்பனைக்கு வருகின்றன.

பாடியைத் தூக்குவதற்கு முன் கதவு, முன்கண்ணாடிச் சட்டம், பானட் இடைவெளிகளை அளந்து எழுதுங்கள், நூறு புகைப்படமாவது எடுங்கள். சேசிஸுக்கு மணல் வீச்சு நல்லது. பாடித் தகட்டுக்கு அதே அழுத்தம் கூடாது, நெளிந்துவிடும். துரு நீங்கிய அன்றே எபாக்ஸி பிரைமர் அடியுங்கள். சென்னை, தூத்துக்குடி உப்புக்காற்றில் ஒரு இரவு வெறும் தகடாக விட்டாலும் செம்மை படரும். பட்டி 2, 3 மி.மீ. தாண்டினால் அங்கே டிங்கர் வேலை முடியவில்லை என்று பொருள்.

தொப்பிச் சட்டங்களைப் புதிதாகப் போடும்போது மரத்தை விட்டுவிட்டு, நீர் வடிய அடியில் துளை வைத்து, உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெய் பீய்ச்சலாம். போர்க்கால அசலாகவே பேணுபவர்கள் மரத்தையும் வைப்பார்கள். அப்போது அந்த மரத்தை நன்றாக உலர்த்தி, எல்லாப் பக்கமும் பூசி வையுங்கள்.

பாகங்கள் எங்கே கிடைக்கும்?

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், டெல்லி காஷ்மீரி கேட். ஹரியானா–பஞ்சாப் எல்லையிலுள்ள மண்டி டப்வாலி ஜீப் பாடி கட்டுவதற்கே பேர்போன ஊர். புதுப் பாடித் தகடு மெல்லியதா என்று கேஜ் வைத்துப் பாருங்கள், 1.2 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. போர் ஜீப்புக்கான மறுபதிப்புப் பாடி பிலிப்பைன்ஸிலிருந்தும், எஞ்சின் பாகங்கள் அமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. புது கிரவுன் பினியனைவிட (அச்சின் நடுவிலுள்ள பல்சக்கர ஜோடி), அளவாய்த் தேய்ந்த பழைய அசல் ஜோடி பல நேரம் சத்தமின்றி ஓடும். ஜோடியைப் பிரித்து வாங்காதீர்கள். கழற்றிய அசல் பாகத்தை, உடைந்ததானாலும், எடைக்குப் போடாமல் பெயர் எழுதிக் கட்டி வையுங்கள். இன்று கிடைப்பது நாளை கிடைக்காது.

எவ்வளவு அடிக்கடி ஓட்ட வேண்டும்?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை, குறைந்தது 15 கிலோமீட்டர். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவது கெடுதல். எஞ்சினில் படிந்த ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடு ஏறாது, ஆயிலில் சேரும். ஓட்டிவந்ததும் ஒருமுறை நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஷூ விடவில்லை. மறுநாள் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, எந்தச் சொட்டு எங்கிருந்து விழுந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.